புக்கிட் தீமா இயற்கை நடை: அம்மாவோடு போய் வந்தேன்

அம்மாவுக்கு 71 வயது. மலேசியாவின் ஜொகூரில் கூலாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பதினாலு வயதிலேயே ரப்பர் பால் எடுக்க, அதாவது பால்மரம் வெட்டப் போனவர். கல்யாணமாகித்தான் சிங்கப்பூர் வந்தார். "ஞாயித்துக்கெழமை புக்கிட் தீமா காட்டுல ஒரு நடை இருக்கும்மா, வர்றீங்களா?" என்று கேட்டேன். "நான் பார்க்காத காடா?" என்று தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் பேத்தி போய்க் கேட்டாள். சரி என்றுவிட்டார்.

இந்த ஆண்டில் பல்லுயிர் பற்றிய பொது நிகழ்ச்சிகள் மூன்றுக்குப் போயிருக்கிறேன். இரண்டு புக்கிட் தீமா குன்றில் வழிகாட்டியோடு நடப்பவை. மூன்றாவது ஒரு மண்டபத்தில் மேசைகள் போட்டு நடத்திய கண்காட்சி. மூன்றையும் நடத்தியவர்கள் வேறு வேறு ஆட்கள், பெரும்பாலும் தன்னார்வலர்கள். குறைகளும் சொல்லப்போகிறேன் என்பதால் எந்தக் குழுவின் பெயரையும் எழுதவில்லை. நம் வீடுகளில் இருக்கும் பெரியவர்களையும் பிள்ளைகளையும் அழைத்துப் போகலாமா, போனால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஆகஸ்டு மாதம் அம்மாவோடு போன நடையைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன், ஏனென்றால் மனதில் நின்றது அதுதான்.

முதலில் பதிவு. இலவசம். ஆனால் அறிவிப்பு வந்த சில நிமிடங்களில் இடம் தீர்ந்துவிடுகிறது. முதல் இரண்டு தடவை எனக்குக் கிடைக்கவில்லை. மூன்றாம் தடவை அலுவலகத்தில் மதிய உணவு நேரத்தில் கைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்து மூன்று இடம் பிடித்தேன். இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பதிவு செய்துவிட்டு வராதவர்கள் அன்று ஆறு பேர். அத்தனை பேருக்கும் பின்னால் யாரோ ஒருவர் இடம் கிடைக்காமல் வீட்டில் இருந்திருப்பார். வர முடியாது என்று தெரிந்தால் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள்.

டௌன்டவுன் எம்ஆர்டி ரயில் பாதையில் பியூட்டி வோர்ல்டு நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து ஹிந்திட் டிரைவ் வழியாகப் பார்வையாளர் நிலையம் வரை நடக்க வேண்டும். எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நடை தொடங்கும்போது எட்டு இருபது. அதற்குள் அம்மா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து ஃபிளாஸ்கை எடுத்து மைலோ குடித்து முடித்துவிட்டார்.

வழிகாட்டி ஓய்வு பெற்ற ஒரு சீனர். கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவராம். வயது எழுபதை நெருங்கும். தொப்பி, கழுத்தில் தொங்கும் தொலைநோக்கி, இடுப்புப் பையில் ஒரு பூதக்கண்ணாடி, கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அந்த டப்பாவுக்குள் என்ன இருந்தது என்று பிறகு சொல்கிறேன். ஆங்கிலத்தில்தான் பேசினார். அம்மாவுக்கு ஆங்கிலம் அரைகுறையாகத்தான் புரியும், நான் மெல்ல மெல்லத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பத்து நிமிடம் போயிருக்கும். அவர் திரும்பிப் பார்த்து, "கக்கா (அக்கா), மலாய் பேசுவீங்களா?" என்று மலாயில் கேட்டார். அவ்வளவுதான், அதற்கப்புறம் என் மொழிபெயர்ப்புக்கு வேலையே இல்லாமல் போனது. இரண்டு பேரும் பழைய பாசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சு மலாயில், பேசத் தொடங்கினார்கள். அம்மா அவரைத் "தவுக்கே" (முதலாளி) என்றுதான் கூப்பிட்டார்.

குன்றின் உயரம் 164 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சிங்கப்பூரிலேயே இயற்கையாக அமைந்த உயரமான இடம் இதுதான். தார்ச்சாலை வழியாக நேராக ஏறினால் அரை மணிக்குள் உச்சிக்குப் போய்விடலாம், தினமும் அப்படி ஏறி இறங்குகிறவர்கள் நிறையப் பேர். எங்கள் வழிகாட்டி முதல் இருபது நிமிடத்தில் எங்களை நடத்திச் சென்றது நூறு மீட்டர்கூட இருக்காது. உச்சிக்குப் போகும் எண்ணமே தனக்கு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கூட்டத்தில் சிலருக்கு அது பிடிக்கவில்லை, முகத்தில் தெரிந்தது. எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவின் முழங்காலுக்கும் பிடித்திருந்தது.

இந்தக் காடு 1883இல் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே தீவின் பெரும்பகுதியை காம்பியர் செடியும் மிளகும் பயிரிட வெட்டித் தீர்த்துவிட்டார்கள். மிச்சம் இருப்பதைக் காக்க வேண்டும் என்று அறிக்கை எழுதியவர் நத்தானியல் கேன்ட்லி என்ற அதிகாரி. இன்று இந்த இயற்கைக் காப்பகத்தின் பரப்பு சுமார் 163 ஹெக்டர். வண்டு பிடிக்க வந்த இயற்கை ஆராய்ச்சியாளர் ஆல்ஃபிரட் வாலஸ் பற்றியும் வழிகாட்டி சொன்னார். 1854இல் வந்த வாலஸ், இங்கே ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரின் வீட்டில் தங்கியிருந்து, ஒரு சதுர மைல்கூட இல்லாத காட்டில் ஏறக்குறைய 700 வகை வண்டுகளைச் சேகரித்தாராம். அந்த நாளில் சீன மரவெட்டிகள் மரங்களை அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அறுத்த மரமும் மரத்தூளும் உலர்ந்த பட்டையும் கிடந்த இடத்தில்தான் வண்டுகள் வந்து மொய்த்தன. காட்டில் அப்போது புலியும் இருந்தது, புலிக்காக வெட்டி வைத்த குழிகளில் விழுந்துவிடுவோமோ என்று வாலஸுக்குப் பயமாம். என் மகள் உடனே காலடியைப் பார்த்துக்கொண்டாள்.

சரி, இதெல்லாம் புத்தகத்திலும் கிடைக்கும். நேரில் போனால் கிடைப்பது என்ன என்பதற்கு வருகிறேன்.

பாதையோரத்தில் இடுப்பளவு ஒரு செடி. இலை மூன்று பிளவாக விரிந்து வாத்தின் கால் மாதிரி இருந்தது. மக்கரங்கா என்று பேர். எத்தனையோ தடவை இந்தச் செடியைக் கடந்து போயிருக்கிறேன், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. வழிகாட்டி தண்டைத் தொடாமல் பூதக்கண்ணாடியை மட்டும் பக்கத்தில் பிடித்து, ஒவ்வொருவராக வந்து பாருங்கள் என்றார். தண்டில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதிலிருந்து எள்ளைவிடச் சிறிய எறும்பு ஒன்று வெளியே வந்தது, நின்றது, திரும்பிப் போனது. தண்டு உள்ளே கூடாக இருக்கிறது. எறும்புகள் அதில் குடியிருக்கின்றன. செடியே வெள்ளை வெள்ளையாகச் சிறு சிறு மணிகள் மாதிரி ஒரு தீனியையும் எறும்புக்காகவே உண்டாக்கிக் கொடுக்கிறது. அதற்குப் பதிலாக எறும்பு இலையைத் தின்ன வரும் புழுக்களைக் கடித்து விரட்டுகிறது, சுற்றிக்கொள்ளப் பார்க்கும் கொடிகளின் நுனியையும் கடித்துவிடுகிறது.

அம்மா குனிந்து பார்த்தார். கண்ணாடி வழியாக நீண்ட நேரம் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள், வழிகாட்டி அவசரப்படுத்தவே இல்லை. அம்மா நிமிர்ந்து, "வாடகை வாங்கிக்கிட்டு வீடு விட்டிருக்கு" என்றார். அதை மலாயிலும் சொன்னார். வழிகாட்டி அதை ஆங்கிலத்தில் எல்லாருக்கும் சொல்லிவிட்டு, அடுத்த நடையிலிருந்து தானும் இப்படித்தான் சொல்லப்போவதாகச் சொன்னார். ஒரு நல்ல வழிகாட்டிக்கு இந்தக் குணம் வேண்டும். வருகிறவர்களிடமும் ஏதோ இருக்கும் என்று நினைப்பவரோடு நடந்தால் அந்த நடையே வேறாகிவிடுகிறது. ஏப்ரலில் நான் தனியாகப் போன நடையில் வழிகாட்டியாக வந்தவர் நிறையப் படித்தவர், லத்தீன் பெயர்களை மழை மாதிரி பொழிந்தார். கழுத்தில் ஒரு சிறு ஒலிபெருக்கி வேறு மாட்டியிருந்தார். அந்தச் சத்தத்தில் எந்தப் பறவையும் நெருங்கவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது ஒரு பெயர்கூட நினைவில் இல்லை.

இனி குபோங் என்ற மரத்துப் பிராணி. ஆங்கிலத்தில் பறக்கும் லெமூர் என்பார்கள். அது பறப்பதும் இல்லை, லெமூரும் இல்லை, தாவி மிதந்து போகும். முகவாயிலிருந்து கை, கால், வால் நுனிவரை ஒரே தோல் விரிப்பு. அதை விரித்துக்கொண்டு ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு நூறு மீட்டருக்கு மேல்கூட மிதந்து போக முடியும். பகலில் மரத்தோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். வழிகாட்டி ஒரு மரத்தைக் காட்டி, "இங்கே ஒன்று இருக்கிறது, சத்தம் போடாமல் தேடுங்கள்" என்றார். இருபது பேரும் அண்ணாந்து நின்றோம். மகள் முதலில் கண்டாள். தண்டின் மேலே, நான் மரத்தின் முடிச்சு என்று நினைத்த இடம்தான் அது. பாசி படிந்த பட்டையின் நிறமே உடம்பு முழுக்க, சாம்பலில் பச்சை கலந்த மாதிரி, இடையிடையே வெள்ளைப் புள்ளிகள். தொலைநோக்கியை என்னிடம் தந்தார். முடிச்சின் நடுவில் ஒரு கண் இருந்தது. பெரிய, பழுப்பான, ஈரமான கண். எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வயிற்றுப் பக்கம் தோல் மடிப்பு ஒரு தடவை புடைத்தது. அதிலிருந்து இன்னொரு தலை, எலுமிச்சம்பழ அளவுகூட இருக்காது, வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. தாய் தன் தோலையே தூளியாக மடித்துக் குட்டியை வைத்திருந்தது.

தொலைநோக்கி அம்மாவிடம் போனது. அவருக்குக் கண்டுபிடிக்க நேரமானது. கண்டதும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதத்தான்டி நாங்க பறக்குற பூனைன்னு சொல்லுவோம்" என்றார். தோட்டத்தில் சாயங்காலம், இருட்டும் நேரத்தில், பால்மரங்களுக்கு மேலே ஒரு துணி பறந்து போகிற மாதிரி தெரியுமாம். லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பெரியவர்கள் உள்ளே போகச் சொல்லிவிடுவார்களாம். அது என்ன என்று யாருக்கும் தெரியாது, யாரும் கிட்டப் பார்த்ததும் இல்லை. பூனையா, வௌவாலா, வேறு ஏதாவதா என்று ஆளுக்கொன்று சொல்வார்களாம். வழிகாட்டி மலாயில் "குபோங்" என்று பெயர் சொன்னதும் அம்மா அதை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அறுபது வருடத்துக்குப் பிறகு அவர் அதன் முகத்தைப் பார்த்தார். இலை தின்னும் சாதுவான பிராணி என்று கேட்டபோது, "பாவம், நாங்க எவ்வளவு பயந்தோம்" என்றார்.

நடையின் மதிப்பு என்ன என்று என்னைக் கேட்டால், இந்த ஐந்து நிமிடத்தைத்தான் சொல்வேன்.

அடுத்து நின்ற இடத்தில் காட்டைவிட வாகனச் சத்தம்தான் அதிகமாகக் கேட்டது. வழிகாட்டி இரண்டு முஷ்டிகளையும் மடக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இது புக்கிட் தீமா, அது நடுவிலுள்ள நீர்ப்பிடிப்புக் காடு, முன்பு இரண்டும் ஒட்டி இருந்தன. பிறகு முஷ்டிகளைப் பிரித்து, கைக்கடிகாரப் பட்டையைக் காட்டி, 1986இல் புக்கிட் தீமா விரைவுச்சாலை இப்படி நடுவே வந்தது என்றார். மரத்துக்கு மரம் தாவிப் போகும் பிராணிகளுக்கு அந்தத் தார்ச்சாலை கடல் மாதிரி. கறுப்பு உடம்பும் தொடையின் உள்பக்கம் வெள்ளைப் பட்டையும் உள்ள ராஃபிள்ஸ் லங்கூர் என்ற மந்தி இந்தக் குன்றில் இருந்தது. கடைசியாக இங்கே எஞ்சியிருந்த ஒன்றை 1987இல் நாய்கள் கடித்துக் கொன்றுவிட்டன. இன்று சிங்கப்பூர் முழுவதும் சேர்த்தே அந்த மந்திகள் நூற்றுக்கும் குறைவு, அவை சாலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டில் இருக்கின்றன. 2013இல் விரைவுச்சாலைக்கு மேலே மண் கொட்டி மரம் நட்டு 62 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாலம் கட்டினார்கள். விலங்குகள் மட்டும் கடக்க வேண்டிய பாலம். எறும்புத்தின்னியும் மற்றவையும் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருப்பது கேமராவில் பதிவாகியிருக்கிறது என்றார்.

புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து வேலைக்குப் போக நான் தினமும் அந்தச் சாலையில்தான் பேருந்தில் வருகிறேன். பாலத்துக்கு அடியில் போகும்போது இப்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன்.

இந்தக் குன்றில் நண்டும் உண்டு என்பது எனக்குப் புதுச் செய்தி. சிங்கப்பூர் நன்னீர் நண்டு, ஓட்டின் அகலம் மூன்று சென்டிமீட்டர் அளவுதான். 1986இல்தான் அதைத் தனி இனம் என்று அறிவித்தார்கள். உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. அது வாழும் சிற்றோடைகள் பொதுமக்கள் போகும் பாதையில் இல்லை, படத்தில்தான் காட்டினார். காட்டாமல் இருப்பதுதான் சரி.

இப்போது டப்பா. ஒரு வளைவில் அதைத் திறந்தார். உள்ளே காய்ந்த காய்கள், ஒவ்வொன்றுக்கும் இறக்கைகள். செராயா, மெரந்தி வகை பெருமரங்களின் காய்கள். இந்த மரங்கள் வருடாவருடம் காய்ப்பதில்லை. சில வருடங்கள் சும்மா இருந்துவிட்டு, திடீரென ஒரு பருவத்தில் காட்டிலுள்ள மரங்களெல்லாம் சேர்ந்து பூத்துக் காய்க்கும். அணிலும் பன்றியும் வண்டும் தின்று தீர்க்க முடியாத அளவுக்குக் கொட்டினால்தான் கொஞ்சமாவது மிஞ்சி முளைக்கும். பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்து, படிக்கட்டில் நின்று கீழே விடச் சொன்னார். என் மகள் விட்டது சுழன்று சுழன்று, நினைத்ததைவிட மெதுவாக இறங்கியது. எல்லாக் காயையும் திரும்ப எண்ணி வாங்கி டப்பாவில் வைத்துக்கொண்டார்.

அந்தப் படிக்கட்டைப் பற்றி ஒரு குறை. அழைப்பில் "எளிதான நடை, எல்லா வயதினருக்கும் ஏற்றது" என்று எழுதியிருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் இருந்தன, சில படிகள் முழங்கால் உயரம். அம்மா பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொன்றாக இறங்கினார், நான் முன்னால் கை கொடுத்தேன். இன்னொரு தாத்தாவும் திணறினார். எத்தனை படி, எங்கே உட்காரலாம், எங்கே திரும்பிப் போகலாம் என்று இரண்டு வரி எழுதினால் போதும். குழுவும் பெரிது. இருபது பேருக்கு ஒரே வழிகாட்டி என்றால் கடைசியில் வருகிறவர்களுக்குப் பாதி கேட்பதில்லை. பன்னிரண்டு பேரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பாதையைவிட்டு இறங்காதீர்கள் என்று பலமுறை சொன்னார், காரணத்தையும் சொன்னார். கூட்டம் மிதித்து மிதித்து வேர்கள் வெளியே வந்து, சரிவுகள் அரித்துப்போய்த்தான் 2014இல் இந்தக் குன்றை மூடிச் சீரமைத்தார்கள். 2016இல்தான் முழுவதும் திறந்தார்கள். இப்போது சில இடங்களில் தரையைத் தொடாமல் உயர்த்திக் கட்டிய நடைபாதைகள் இருக்கின்றன.

திரும்பும் வழி குன்றின் ஓரமாக வந்தது. அங்கே மரங்கள் மெலிந்து, வரிசையாக நிற்கிற மாதிரி தெரிந்தன. வழிகாட்டி எதுவும் சொல்வதற்கு முன்பே அம்மா நின்றுவிட்டார். "பால்மரம்" என்றார். பழைய தோட்டம் ஒன்றின் மிச்சம். ஒரு மரத்தில் வெட்டுத் தழும்புகள் இன்னும் இருந்தன, பட்டை தடித்துப் புண் ஆறிய மாதிரி. வழிகாட்டி ரிட்லியின் கதையைத் தொடங்கினார்: 1877இல் இங்கே வந்து சேர்ந்த 22 கன்றுகள், 1888இல் தாவரவியல் பூங்காவுக்குத் தலைவராக வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை அவர் கண்டறிந்தது. பாதியில் நிறுத்தி, "இங்கே வெட்டத் தெரிந்தவரே இருக்கிறார், அவரே சொல்லட்டும்" என்று அம்மாவைக் காட்டினார்.

அம்மா முதலில் மறுத்தார். அப்புறம் மரத்தின் முன்னால் போய் நின்றார். நிற்கும் விதமே மாறிவிட்டது. இல்லாத உளியைக் கையில் பிடித்து, இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழாகச் சரித்து இழுத்துக் காட்டினார். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் சாய்ந்து இருக்கும், அதனால் இப்படிச் சரித்தால்தான் நிறையக் குழாய் வெட்டுப்படும் என்று வழிகாட்டி சேர்த்துச் சொன்னார். அம்மாவுக்கு அது இவ்வளவு நாள் தெரியாதாம், கங்காணி காட்டிக்கொடுத்த பழக்கம். பத்துக் காசு கனம்தான் பட்டையைச் சீவ வேண்டும், கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், கங்காணி திட்டுவார். விடியுமுன் தலைவிளக்கோடு மர நிரையில் நிற்க வேண்டும், வெயில் ஏறினால் பால் வற்றிவிடும். மழை பெய்தால் அன்றைக்கு வேலையில்லை, கூலியும் இல்லை. பால் பிடிக்கும் மங்கு எங்கே கட்டுவோம், வெட்டில் உறைந்து ஒட்டிக்கொண்ட ஒட்டுப்பாலை எப்படிப் பிய்த்து எடுப்போம் என்று மலாயும் தமிழுமாகச் சொல்லிக்கொண்டே போனார். இருபது பேரும் அசையாமல் கேட்டார்கள். அதுவரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பல்கலைக்கழகப் பிள்ளைகள் முன்னால் வந்து கேள்வி கேட்டார்கள். எனக்கே இதில் பாதி தெரியாது. வீட்டில் நாங்கள் யாரும் கேட்டதில்லை.

கீழே ஒரு ரப்பர் கொட்டை கிடந்தது. காடை முட்டை மாதிரி பழுப்பு வரிகள் போட்ட கொட்டை. அம்மா எடுத்துப் பேத்தியிடம் காட்டினார். சிமென்டில் வேகமாகத் தேய்த்தால் கொதிக்கும், அதைப் பக்கத்தில் இருப்பவர் கையில் வைத்துவிட்டு ஓடுவதுதான் அந்தக் காலத்து விளையாட்டு என்றார். பையில் போட்டுக்கொள்ளப் போனவரை வழிகாட்டி மிகவும் மரியாதையாக, இங்கே ஒரு இலையைக்கூட எடுக்கக்கூடாது கக்கா என்றார். அம்மா கோபித்துக்கொள்வாரோ என்று எனக்குப் பதற்றம். அவர் சரி தவுக்கே என்று, எடுத்த இடத்தைத் தேடி அதே இடத்தில் வைத்தார்.

முடிவில் கேள்வி பதில் போட்டி ஒன்று இருந்தது, பரிசாக ஒட்டுவில்லைகள். நேரம் கடந்துவிட்டதால் அவசர அவசரமாக நடந்தது. அது இல்லாமலே இருந்திருக்கலாம்.

மண்டபக் கண்காட்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூன் விடுமுறையில் ஆளுக்குச் சிறு கட்டணம் கொடுத்துப் போனோம். ஒவ்வொரு மேசையிலும் முத்திரை குத்திக்கொண்டு அட்டையை நிரப்பினால் பரிசு. பிள்ளைகள் முத்திரைக்காக ஓடினார்கள், மேசையில் இருந்தவர்கள் பேச வாயெடுக்கும்போதே அட்டையை நீட்டினார்கள். ஒரு மேசை மட்டும் விதிவிலக்கு. நுண்ணோக்கி வைத்து, ஒரு கைப்பிடி காட்டு மண்ணில் என்னென்ன ஊர்கிறது என்று ஒரு மாணவி காட்டிக்கொண்டிருந்தார். என் மகள் அங்கேயே முக்கால் மணி நேரம் நின்றாள். அட்டை நிரம்பவில்லை, அவளுக்குக் கவலையும் இல்லை. சின்னப் பிள்ளைகள், மழைக்காலம், தள்ளுவண்டி என்று இருப்பவர்களுக்கு மண்டபம் வசதிதான். ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளை என்றால் காட்டுக்கே கூட்டிப் போங்கள்.

தமிழில் இப்படி ஒரு நடை வேண்டும் என்று நினைக்கிறேன், நிஜமாகவே நினைக்கிறேன். மலாய் தெரிந்த அம்மாவுக்கு அன்று வழி திறந்தது. ஊரிலிருந்து பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் எத்தனையோ பெரியவர்களுக்கு மலாயும் வராது, ஆங்கிலமும் வராது. அவர்களுக்குச் செடியும் கொடியும் பூச்சியும் நம் யாரையும்விட நன்றாகத் தெரியும். இயற்கை தெரிந்த தமிழ் தன்னார்வலர்கள் இருந்தால் மாதம் ஒரு நடை போதும். பின்னால் நின்று கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காப்பகம் காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும். கழிப்பறைக்குக் கீழேயே போய்விட்டு ஏறுங்கள். கொசு மருந்தை வீட்டிலேயே பூசிக்கொள்ளுங்கள், முழுக்கைச் சட்டை நல்லது. பிரம்புக் கொடியின் கொக்கி முட்கள் பாதையோரம் தொங்கும், சட்டையில் மாட்டினால் இழுக்காமல் ஓரடி பின்னால் வந்து எடுக்க வேண்டும். சாப்பாடு, பிளாஸ்டிக் பை எதையும் கையில் வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். எங்களுக்கு முன்னால் போன ஒருவரின் ரொட்டிப் பையை ஒரு குரங்கு வந்து பறித்துக்கொண்டு போனது, அவருடைய பிள்ளை பயந்து அழுதது. குரங்குக்கு ஏதாவது கொடுப்பது இங்கே குற்றம், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். கோயில் குரங்குக்குப் பழம் கொடுத்துப் பழகிய நம் பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏன் என்பதையும் சொல்லுங்கள். மனிதர்கள் கொடுத்துப் பழகிய குரங்குதான் பிறகு பையைப் பறிக்க வருகிறது.

நடை முடிந்து பியூட்டி வோர்ல்டு கடைத்தொகுதியின் உணவு நிலையத்தில் உட்கார்ந்தோம். அம்மா கால் இரண்டையும் எதிர் நாற்காலியில் நீட்டிக்கொண்டு, அந்தக் குட்டி எட்டிப் பார்த்ததைப் பேத்தியிடம் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அடுத்த நடைக்கு எப்போது பதிவு என்று நேற்று அவரே கேட்டார். மூன்று இடம் போதாதாம், பக்கத்து வீட்டு ராசாத்தி அக்காவும் தோட்டத்தில் பிறந்தவர்தானாம், நாலாகப் போடு என்றார்.